ஸ்மோக் ஆன் த வாட்டர்: தீயிலிருந்து மேடை வரை

மேசைவிளக்கு:

பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் ஸ்மோக் ஆன் த வாட்டர் பாட்டைப் பற்றி ஒரே இழையில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாம் என்று தொடங்குகிறேன். தெரிய வேண்டியது மூன்று. தீ விபத்துக் கதையில் உண்மையில் நடந்தது என்ன? ஸ்டுடியோ பதிவுக்கும் மேடைப் பதிவுகளுக்கும் என்ன வித்தியாசம், எதைக் கேட்டுப் பழகுவது? ஐந்து பேர் குழு மேடையில் வாசிக்கும்போது எங்கே சொதப்பும்? வெறும் இணைப்பைப் போட்டுவிட்டுப் போகாமல் விளக்கமாக எழுதுங்கள்.

பழையதட்டு:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்ப்பிள் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோந்த்ரோ நகரத்துக்கு வந்தது. அப்போதைய அணி: குரல் இயன் கில்லன், கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். மேடையில் வாசிக்கும்போது இருக்கும் வேகம் ஸ்டுடியோவுக்குள் போனால் குறைகிறது என்பது அவர்களின் குறை. அதனால் ஸ்டுடியோவே வேண்டாம், ஒரு அரங்கத்தை எடுத்து அதில் வாசித்துப் பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். அரங்கம் மோந்த்ரோ காசினோ. பதிவுக்கருவி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டுடியோ லாரி. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச். குளிர்காலத்துக்குக் காசினோ மூடப்படும்; அதற்கு முந்தைய கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் இவர்கள் உள்ளே போவதாக ஏற்பாடு.

அந்தக் கடைசி நிகழ்ச்சிதான் டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஜாப்பாவும் அவருடைய குழு மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷனும் நடத்தியது. 'கிங் காங்' உருப்படியில் டான் பிரெஸ்டனின் சின்தசைசர் சோலோ ஓடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவர் ஃபிளேர் துப்பாக்கியை (எரியும் சைகை வெளிச்சத்தைப் பாய்ச்சுவது) கூரையை நோக்கிச் சுட்டார். பிரம்பு வேய்ந்த கூரை, உடனே பற்றிக்கொண்டது. கட்டிடம் முழுக்க எரிந்து போனது. ஜாப்பா குழுவின் கருவிகள் மொத்தமும் போயின. மோந்த்ரோ ஜாஸ் விழாவை நடத்திவந்த கிளாட் நாப்ஸ், உள்ளே மாட்டிக்கொண்ட இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். பாட்டில் வரும் 'ஃபங்கி கிளாட்' அவர்தான்.

இணையத்தில் அடிக்கடி பார்க்கும் மூன்று தப்பை இங்கேயே நீக்கிவிடலாம். இந்தத் தீயில் பலர் செத்தார்கள் என்பது பொய், யாரும் சாகவில்லை. தீ ஜாப்பாவின் மேடை வாணவேடிக்கையால் பிடித்தது என்பதும் பொய். டீப் பர்ப்பிள் கச்சேரியின்போது பிடித்தது என்பது மூன்றாவது பொய். அவர்கள் அந்தக் காசினோவில் ஒரு சுரம்கூட வாசிக்கும் முன்பே அது சாம்பல்.

தலைப்பு வந்த விதம் எளிமையானது. எரியும் கட்டிடத்தின் புகை ஏரி மேல் படர்ந்து நின்றதை ஓட்டலிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த குளோவர் வாயில் அந்தச் சொற்றொடர் வந்தது. போதைப்பொருள் பாட்டு மாதிரி ஒலிக்கிறதே என்று முதலில் தயங்கினார்கள். கேட்கிறவர்களில் பலர் இன்றும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வரிகளைப் படித்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மூன்று சரணமும் நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கின்றன: வந்தது, எரிந்தது, கிளாட் ஓடியது, வேறு இடம் தேடியது, கடைசியில் கிடைத்த ஓட்டல்.

ஜாப்பா கச்சேரியைப் பார்வையாளர் ஒருவர் பதிவு செய்த ஒலிநாடா பிழைத்திருக்கிறது. பல ஆண்டு திருட்டுப் பதிவாக உலவி, 1992-ல் ஜாப்பாவின் 'பீட் த பூட்ஸ்' இரண்டாம் தொகுப்பில் முறைப்படி வெளிவந்தது. தீ பிடித்த கணம் அதில் கேட்கிறது. ஜாப்பா பதறாமல் கூட்டத்தை வெளியேறச் சொல்வதும் கேட்கிறது. ஆறு நாள் கழித்து லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட்டுக் கடுமையாகக் காயப்படுத்தினான். அந்த மனிதருக்கு ஒரே வாரத்தில் இரண்டு அடி.

மேசைவிளக்கு:

அருமை ஐயா. அப்படியானால் இசையைப் பதிவு செய்தது எங்கே? அந்த ஓட்டலிலா?

பழையதட்டு:

பல கட்டுரைகள் இதைக் குழப்பிவிடுகின்றன. இடம் இரண்டு.

காசினோ போனதும் நாப்ஸ் அவர்களுக்கு ஊரின் நடுவில் இருந்த பவிலியன் என்ற அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே பதிவான ஒரே உருப்படி இந்தப் பாட்டின் இசைத்தளம்தான். அப்போது அதற்கு வரியும் இல்லை, பெயரும் இல்லை. இரவில் அவ்வளவு சத்தமாக வாசித்ததில் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. வாசிப்பு முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்பக்கமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அத்தோடு பவிலியன் முடிந்தது.

அடுத்து கிடைத்தது, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஓட்டல் த டெரிடே. அதன் தாழ்வாரங்கள் சந்திக்கும் இடத்தில் கருவிகளை வைத்து, மெத்தைகளைச் சுவரில் சாய்த்து எதிரொலியைக் குறைத்து, பெரிய ஹீட்டர்களை ஓடவிட்டு வாசித்தார்கள். லாரி வெளியே நின்றது. பதிவானதைக் கேட்க வேண்டுமானால் அறைகள் வழியாக, பால்கனி தாண்டி, முற்றம் கடந்து லாரிக்குப் போக வேண்டும். சில தடவை போய்வந்த பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். சரியாக வந்ததாக மனதுக்குப் பட்டால் அடுத்த பாட்டு. அங்கே உருவான மெஷின் ஹெட் தொகுப்பில் கிடைக்கும் அந்த உடனடித் தன்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. சரிபார்த்துச் சரிபார்த்து உயிரை எடுக்க அங்கே வசதி இல்லை.

டிசம்பர் 21-க்குள் வேலை முடிய வேண்டும். தொகுப்புக்கு இன்னும் சில நிமிட இசை குறைந்தது. அப்போதுதான் பவிலியனில் பதிவாகிப் பெயரில்லாமல் கிடந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் அடையாளத் துணுக்கை) தூசி தட்டி, வந்ததிலிருந்து தங்களுக்கு நேர்ந்ததையே வரிகளாக்கிப் பாடினார்கள். தொகுப்பு 1972 மார்ச்சில் வெளிவந்தது. குழு நம்பியிருந்த பாட்டு 'நெவர் பிஃபோர்'. தனித்தட்டாகப் போட்டதும் அதைத்தான்.

கட்டைவிரல்:

பின்னணியைப் பழையதட்டு அண்ணன் முடித்துவிட்டார். ரிஃபுக்கு வருகிறேன். உலகத்தில் அதிகம் வாசிக்கப்படுவதும், அதிகம் தப்பாக வாசிக்கப்படுவதும் இதுதான்.

ஸ்வரம் நான்கே: ஜி, பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு, ஜி-யை ஆதார ஷட்ஜமாக வைத்தால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம். ச க ம என்று ஏறி, அடுத்த சுற்றில் பிரதி மத்யமத்தைத் தொட்டுச் சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறது. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வருவதால்தான் அந்தக் கடுப்பான ப்ளூஸ் நிறம்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே நாலாவது ஸ்வரம் கூடவே ஒலிக்கிறது. அதாவது மேலே ச என்றால் கீழே மந்திர ப. கிட்டாரில் நாலாவது கம்பி (டி), மூன்றாவது கம்பி (ஜி) இரண்டையும் சேர்த்து: திறந்தபடி, மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட். பிறகு திறந்தபடி, மூன்று, ஆறு, ஐந்து. பிறகு திறந்தபடி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்தபடி. இவ்வளவுதான் இடது கை வேலை.

முதல் தப்பு: ஆறாவது கம்பியில் பவர் கார்டாக வாசிப்பது. அது ஐந்தாம் இடைவெளி. ஜி கீழே, டி மேலே. பிளாக்மோர் வாசிப்பதில் டி கீழே, ஜி மேலே. பவர் கார்டில் கனம் வரும், ஆனால் இந்த ரிஃபின் கூர்மை போய்விடும்.

இரண்டாவது தப்பு வலது கையில். பிக்கால் மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு கம்பி முன்னாலும் மற்றது கொஞ்சம் பின்னாலும் ஒலிக்கும். பிளாக்மோர் இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்டுகிறார். கட்டைவிரல் டி கம்பியில், ஆள்காட்டி விரல் ஜி கம்பியில். ஒலி ஆர்கன் கட்டையை அமுக்கியது போல ஒரே வெட்டாக எழும். சோலோவுக்கு உடனே பிக் வேண்டும் என்பவர்கள் டி கம்பியைப் பிக்காலும் ஜி கம்பியை நடுவிரலாலும் சேர்த்து எடுக்கலாம். அதுவும் ஏறக்குறைய அதே வெட்டைக் கொடுக்கும்.

மூன்றாவது தப்பு, திறந்த கம்பியை அலறவிடுவது. திறந்த டி-யும் ஜி-யும் அடக்காமல் விட்டால் மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போகும்போது கம்பி உரசும் சத்தம் ஆம்பில் பெரிதாகக் கேட்கும். சுண்டியவுடன் அதே விரல்களைக் கம்பி மேலே திரும்ப வைத்து ஒலியை வெட்ட வேண்டும். அது கைவராவிட்டால் ஐந்தாவது, நாலாவது கம்பிகளில் 5, 8, 10, 11 ஃப்ரெட்டுகளில் வாசியுங்கள். ஸ்வரம் அதேதான், திறந்த கம்பி இல்லாததால் இடது கையைத் தளர்த்தினாலே ஒலி நின்றுவிடும். கொஞ்சம் தடித்த ஒலி.

தட்டுத்தாளம்:

கட்டைவிரல் ப்ரோ, ஸ்வரத்தைவிடப் பெரிய தப்பு தாளத்துல இருக்கு. அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

ரிஃப் நாலு பார், ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. முதல் மூணு அடி ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிக்கையில நேரா விழுது. மூணாவது நீளும். அடுத்த சுற்று அடுத்த பாரோட ஒண்ணுல ஆரம்பிக்காது. நாலுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல, அரை எண்ணிக்கை முன்னாடியே எடுத்துடும். நம்ம கணக்குல சொன்னா அதீத எடுப்பு. அங்கிருந்து பி ஃப்ளாட்டும் டி ஃப்ளாட்டும் அரை இடத்துலயே விழும், கடைசி சி மட்டும் மூணாவது எண்ணிக்கையில நேரா வந்து உக்காரும். மூணாவது சுற்று மறுபடி நேரா ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிக்கிற பி ஃப்ளாட், ஜி ரெண்டும் மறுபடி அரை இடம்.

பத்துல ஏழு பேர் ரெண்டாவது சுற்றை ஒண்ணுல ஆரம்பிச்சுடுவாங்க. கிட்டார் தனியா வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. ஹைஹேட் (டிரம்ஸ்ல காலால மூடித் திறக்கிற ஜோடித் தட்டு) உள்ள வந்ததும் வண்டி தடம் புரண்ட மாதிரி ஆயிடும், டிரம்மர்தான் தப்பு பண்ணார்னு பழி வேற. மெட்ரோனோம் வச்சு, வாயால எண்ணிக்கிட்டே கையால தட்டிப் பழகிட்டு அப்புறம் கிட்டாரை எடுங்க.

வேகம் ஸ்டுடியோ பதிவுல நிமிடத்துக்கு 112-லேர்ந்து 115-க்குள்ள. மேடை உற்சாகத்துல 125-க்குப் போனா பாட்டு ஓடும், ஆனா நடக்காது. இது நடக்க வேண்டிய பாட்டு.

பெய்ஸ் பண்றதைக் கவனிங்க. ரிஃப் தனியா போன பிறகு முதல்ல மூடின ஹைஹேட்ல பதினாறாம் கால் மட்டும், அதாவது எண்ணிக்கைக்கு நாலு அடி. ஸ்னேர் கிடையாது. அது வர்றதுக்குள்ள கேக்கறவன் காலு தானா ஆட ஆரம்பிச்சுடும். பிறகு முழு டிரம்ஸ். அதுக்கும் பிறகுதான் குளோவரோட பேஸ் ஜி-யில எட்டாம் காலா (எண்ணிக்கைக்கு ரெண்டு அடி) ஓட ஆரம்பிக்குது. ஒவ்வொருத்தரா உள்ள வர்ற இந்த வரிசைதான் பாட்டோட பாதி பலம். எல்லாரும் முதல் நாலு பார்லயே குதிச்சா அப்புறம் ஏறுறதுக்குப் படி இல்லை.

விசைக்காரர்:

வரிசையில் ஒருவர் விட்டுப்போனார். ஹைஹேட்டோடு சேர்ந்து உள்ளே வருவது ஜான் லார்டின் ஹாமண்ட் சி3. பலர் அதை இரண்டாவது கிட்டார் என்றே நினைக்கிறார்கள். காரணம், வழக்கமான, சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கிக்குப் பதில் ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்புக்குள் விட்டு ஒலியைக் கரகரப்பாக முறுக்கியிருக்கிறார். கிட்டாரும் ஆர்கனும் ஒரே ரிஃபை, ஒரே நாலாம் இடைவெளியில், ஒரே மாதிரிச் சிராய்ப்போடு வாசிக்கின்றன. பதிவில் கேட்கும் அந்தச் சுவர் போன்ற ஒலி இரண்டும் சேர்ந்தது. கிட்டாரில் கெயினை மட்டும் ஏற்றி அந்த ஒலியை வரவழைக்கப் பார்ப்பவர்கள் அதனால்தான் தோற்கிறார்கள்.

நாலாம் இடைவெளி ஏன் இவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. திறந்த டி கம்பியின் அதிர்வெண் 146.8 ஹெர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 196. முறுக்கிய ஆம்பில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால் அவற்றின் வித்தியாசமும் ஒலியாக வெளிவரும். 196-லிருந்து 146.8 போனால் 49 சொச்சம். அது ஜி ஸ்வரமேதான், இரண்டு ஸ்தாயி கீழே. அடுத்த ஜோடியிலும் அப்படித்தான், பி ஃப்ளாட் கீழே முளைக்கும். ஆக, கீழே டி-யை வைத்து வாசித்தாலும் காதுக்கு ஆதாரம் ஜி-யாகவே நிற்கிறது. பேஸ் இன்னும் உள்ளே வராத தொடக்கத்திலேயே அடியில் ஏதோ உறுமுவதாகத் தோன்றுவது இதனால்தான். முறுக்கம் சுத்தமாக இல்லாத ஒலியில் வாசித்துப் பாருங்கள், ரிஃப் சப்பென்று இருக்கும். அளவு மீறிய மெட்டல் முறுக்கத்தில் வாசித்தால் இரண்டு ஸ்வரமும் குழைந்து அடையாளம் போய்விடும். நடுவில் நில்லுங்கள்.

ஹாமண்ட் இல்லாமல் சாதாரண கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு: ஆர்கன் ஒலியில் முதல் மூன்று டிராபார் (ஒலி அடுக்குகளின் அளவை மாற்றும் இழுப்புக் கட்டைகள்) மட்டும் திறந்து, அதிலும் 16 அடி டிராபாரைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பேஸ் கிட்டாரோடு மோதும். பெர்கஷன் நிறுத்தம். சுழல் விளைவு நிறுத்தம் அல்லது மெதுவாக. பிறகு ஓவர்டிரைவ். கீபோர்டை நேராக மிக்சருக்குக் கொடுத்தால் சிராய்ப்பு ஈக்கள் ரீங்கரிப்பது போல மெலிந்து கேட்கும். ஏதாவது ஒரு கிட்டார் ஆம்பு வழியாகவோ, ஆம்பு ஒலியைப் போலச் செய்யும் பெடல் வழியாகவோ விட்டுப் பிறகு மிக்சருக்குக் கொடுங்கள். கட்டைகளைக் கிட்டார் எப்போது வெட்டுகிறதோ அப்போதே விட வேண்டும். ஆர்கன் அரை நொடி தங்கினாலும் ரிஃபின் இடைவெளிகள் நிரம்பிவிடும்.

மேசைவிளக்கு:

ரிஃப் இருக்கட்டும், சரணம், கோரஸ் பகுதிகளில் கவனிக்க என்ன உண்டு?

கட்டைவிரல்:

சரணம் சுலபம். ஜி-யில் நின்று, வரியின் முடிவில் எஃப் தொட்டுத் திரும்பும். கிட்டார் அங்கே அடங்கி நிற்க வேண்டும். கோரஸில் சி, பிறகு ஏ ஃப்ளாட், பிறகு ஜி. அந்த ஏ ஃப்ளாட் ஜி மைனர் ஸ்கேலில் இல்லாதது. நம் கணக்கில் சுத்த ரிஷபம். தலைப்பு வரியைப் பாடும்போது வயிற்றைப் பிசைவது போல ஒரு இறக்கம் வருகிறதே, அது இந்த ஒரு கார்டு தரும் வேலை. சிலர் காதால் பிடித்து அங்கே பி ஃப்ளாட் போட்டுவிடுவார்கள். பாட்டு உடனே வேறு யாருடையதோ ஆகிவிடும்.

சோலோ இரண்டாவது கோரஸ் முடிந்து ரிஃபுக்குப் பிறகு வரும். ஜி-யில் தொடங்கி சி-க்கு நகரும். பேஸ்காரர் இந்த நகர்வை மறந்து ஜி-யிலேயே ஓடினால் கிட்டார் என்ன வாசித்தாலும் பொருந்தாது. பாடகருக்கு ஒன்று: இரண்டாம், மூன்றாம் சரணத்தை இடம் மாற்றிப் பாடாதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லும் பாட்டு, ஓட்டல் வந்த பிறகு காசினோ எரிய முடியாது.

பழையதட்டு:

இப்போது மேடை வரலாறு.

மெஷின் ஹெட் வெளிவந்த மாதத்தில், 1972 மார்ச் 9 அன்று, லண்டன் பாரிஸ் தியேட்டரில் பிபிசி-க்காக வாசித்த நிகழ்ச்சியில் இந்தப் பாட்டு இருக்கிறது. பின்னாளில் இன் கான்சர்ட் 72 என்று தட்டாக வந்தது. ஸ்டுடியோ வடிவத்துக்கு மிக அருகில் இருக்கும் மேடைப் பதிவு வேண்டுமானால் அதைக் கேளுங்கள். பாட்டு இன்னும் மேடையில் வளரவில்லை, புதுத் துணியின் விறைப்பு தெரியும்.

அடுத்தது மேட் இன் ஜப்பான். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 டோக்கியோ புடோகான். ஒலிப்பதிவு மீண்டும் மார்ட்டின் பர்ச். தட்டில் உள்ள ஏழு உருப்படிகளில் நான்கு ஒசாகா இரண்டாம் இரவிலிருந்தும், இரண்டு டோக்கியோவிலிருந்தும் எடுத்தவை. முதல் இரவான 15-ஆம் தேதியிலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று, ஸ்மோக் ஆன் த வாட்டர். மூன்று இரவில் அன்றுதான் பிளாக்மோர் தொடக்க ரிஃபை ஒழுங்காக வாசித்தார். மற்ற இரவுகளின் பதிவுகளும் பிற்காலத்தில் விரிவான பதிப்புகளாக வந்துவிட்டன, ஒப்பிட்டுக் கேட்கலாம். ரிஃபைச் சிதைத்து, தாளத்தை இழுத்து விளையாடுவது அவர் சுபாவம்.

ஸ்டுடியோ பதிவு 5 நிமிடம் 40 வினாடி. ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மங்கி முடியும். ஜப்பான் பதிவு ஏழரை நிமிடம். கூடுதல் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்: தொடக்கத்தில் கொஞ்சம், சோலோவில் கொஞ்சம், பெரும்பகுதி மூன்றாவது கோரஸுக்குப் பின்னால் கிட்டாரும் ஆர்கனும் கேள்வி பதிலாக மாறி மாறி வாசிப்பதில். சரணங்களும் கோரஸும் அப்படியே இருக்கின்றன. ஐம்பது ஆண்டு மேடைப் பதிவுகளைக் கேட்டாலும் இந்த வழக்கம் மாறவில்லை. தொடக்கமும் முடிவும் திறந்த நிலம், நடுவில் கை வைப்பதில்லை.

அமெரிக்காவில் பாட்டு வெற்றி பெற்றது மேடைக்குப் பிறகுதான். தொகுப்பு வந்து ஓராண்டுக்கு மேல் ஆன பின், 1973 மேயில், வார்னர் நிறுவனம் சுருக்கிய ஸ்டுடியோ வடிவத்தை ஒரு பக்கமும் ஜப்பான் வடிவத்தை மறுபக்கமும் வைத்துத் தனித்தட்டு போட்டது. அந்தக் கோடையில் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம். ஆனால் ஜூன் 29 அன்றே, அதே ஒசாகாவில், கில்லனும் குளோவரும் கடைசி நிகழ்ச்சியை வாசித்துவிட்டு விலகியிருந்தார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அதை உருவாக்கிய அணி இல்லை. எனக்கு இந்தப் பாட்டின் வரலாற்றில் மனதைக் குடையும் இடம் இது.

நீலக்கம்பி:

அதற்குப் பிறகு வந்த அணியை யாரும் மதிப்பதில்லை என்பதே என் குறை. 1974 ஏப்ரல் 6 கலிஃபோர்னியா ஜாம் பதிவைப் பாருங்கள். டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு குரல் என்பதால் கோரஸ் கில்லன் காலத்தைவிட நிறைவாக இருக்கிறது. குழுவில் இரண்டு பாடகர்கள் இருந்தால் இதைத்தான் முன்மாதிரியாக எடுக்க வேண்டும். ஹியூஸ் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார், எட்டாம் கால் ஓட்டம் தடுமாறவில்லை.

பழையதட்டு:

கோரஸ் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் சரணங்களில் நான் உடன்பட மாட்டேன். அந்த வரிகள் அந்த ஊரில், அந்தக் குளிரில் இருந்தவர் செய்தி சொல்வது போலப் பாட வேண்டியவை. கில்லன் அதிகம் அலங்கரிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். கவர்டேலும் ஹியூஸும் சோல் பாணியில் இழைக்கும்போது செய்தி பின்னால் போய்விடுகிறது. பிளாக்மோர் போய் டாமி போலின் கிட்டார் வாசித்த காலத்தில் ஹியூஸ் இதோடு 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாட்டையும் சேர்த்துப் பாடினார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு நிகழ்ச்சி.

போலின் காலத்தில் கீபோர்டுகாரர்கள் கேட்க வேண்டிய பதிவு ஒன்று உண்டு. 1975 டிசம்பர் 15, டோக்கியோ புடோகான். அன்று போலினின் இடது கை சரியாக இயங்கவில்லை. கிட்டார் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை லார்ட் ஆர்கனில் சுமக்கிறார். லாஸ்ட் கான்சர்ட் இன் ஜப்பான் என்ற தட்டு.

விசைக்காரர்:

ஆம், மேலே நான் சொன்னதற்கு அதுவே சான்று. கிட்டார் ஓய்ந்தாலும் ரிஃப் விழவில்லை.

பழையதட்டு:

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-ல் குழு கலைந்தது. இடைக்காலத்தில் பாட்டு உறுப்பினர்களோடு பிரிந்து போனது. பிளாக்மோரின் ரெயின்போ குழு, ஜோ லின் டர்னர் பாடிய காலத்தில் இதை வாசித்தது. கில்லன் 1983-ல் பிளாக் சப்பாத்தில் சேர்ந்தபோது அவர்களும் நிகழ்ச்சியின் முடிவில் கூடுதல் உருப்படியாக வாசித்தார்கள். டோனி அயோமியின் தடித்த கிட்டாரில் இந்த ரிஃபைக் கேட்பது விசித்திரமான அனுபவம். கனம் இருக்கிறது, துள்ளல் இல்லை.

1984-ல் பழைய அணி மீண்டும் சேர்ந்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நடந்த நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட 1989-ல் பலர் சேர்ந்து இதை மறுபடி பதிவு செய்தார்கள். கில்லனோடு புரூஸ் டிக்கின்சன், பால் ராட்ஜர்ஸ். கிட்டாரில் பிளாக்மோர், அயோமி, பிரையன் மே, டேவிட் கில்மோர், அலெக்ஸ் லைஃப்சன். அவ்வளவு பெரிய கைகள் சேர்ந்தும் ரிஃப் கூடுதல் கனம் பெறவில்லை. இந்தப் பாட்டுக்குத் தேவை கூட்டம் அல்ல, வெட்டு.

1993 நவம்பர் 17 ஹெல்சிங்கியில் பிளாக்மோர் கடைசியாகக் குழுவோடு வாசித்தார். ஜப்பான் பயணத்துக்கு ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார். 1994 இறுதியிலிருந்து ஸ்டீவ் மோர்ஸ். மோர்ஸ் காலத்தில் தொடக்கம் மறுபடி திறந்தது: பல பிரபல ரிஃபுகளைத் துண்டு துண்டாக வாசித்துக் கூட்டத்தை ஏற்றிவிட்டு, கடைசியில் இதற்குள் விழுவார். கோரஸைக் கூட்டமே பாடும். 1999 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு வாசித்தபோது நிகழ்ச்சியை முடித்ததும் இந்தப் பாட்டுதான். ரானி ஜேம்ஸ் டியோவும் சேர்ந்து பாடினார். 2005 ஜூலை 2 அன்று கனடாவில் பாரி நகரத்து லைவ் 8 மேடை. லார்ட் 2002-ல் ஓய்வு பெற்று டான் ஏரி வந்தார், 2022-ல் மோர்ஸ் விலகி சைமன் மெக்பிரைட் வந்தார். ரிஃபும் ஆர்கனும் கைமாறின, வரிசை மாறவில்லை.

மோந்த்ரோ காசினோவை 1975-ல் மறுபடி திறந்தார்கள். டீப் பர்ப்பிள் மோந்த்ரோ ஜாஸ் விழாவில் 1996, 2006, 2011 ஆண்டுகளில் வாசித்த பதிவுகள் தட்டாகக் கிடைக்கின்றன. 1996, 2006 பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் லார்ட், ஏரி இருவரும் ஆர்கனைக் கையாளும் வேறுபாடு தெளிவாகப் புரியும். லார்ட் ரிஃபுக்குள் ஒட்டிக்கொள்கிறார், ஏரி மேலே பளபளவென்று மிதக்கிறார்.

மேசைவிளக்கு:

அப்படியானால் ஐந்து பேர் குழு எதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ள? அண்ணன்மார் ஒரு முடிவு சொல்லுங்கள்.

கட்டைவிரல்:

நடுப்பகுதிக்கு ஸ்டுடியோ, முடிவுக்கு ஜப்பான். தொடக்கத்தில் விளையாட நினைக்காதீர்கள். ரிஃப் கிட்டார் மட்டும், பிறகு ஹைஹேட்டும் ஆர்கனும், பிறகு முழு டிரம்ஸ், பிறகு பேஸ், அதன் பிறகு குரல். ஒவ்வொரு நுழைவுக்கும் ரிஃபை முழு நாலு பார் விட்டுப் பிடியுங்கள்.

தட்டுத்தாளம்:

முடிவுதான் பயிற்சியில யாரும் பாக்காத இடம். ஸ்டுடியோ பதிவு மங்கி முடியறதால அதைக் கேட்டுப் பழகினவங்க மேடையில எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்பாங்க. கேள்வி பதிலை நாலு நாலு பாரா வையுங்க: கிட்டார் நாலு, ஆர்கன் நாலு. அப்புறம் ரெண்டு ரெண்டு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ரிஃப் ஒரு தடவை முழுசா, கடைசி ஜி-யில நில்லுங்க. அந்தக் கடைசி ஜி அரை இடத்துல விழும்ங்கிறதை மறக்காதீங்க. ஒண்ணுல அடிச்சா நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். கை காட்டுறது டிரம்மரா கிட்டாரா என்பதை முன்னாடியே ஒருத்தர்னு முடிவு பண்ணிடுங்க.

விசைக்காரர்:

ஒலிச் சோதனையில் இந்தப் பாட்டுக்கென்று ஐந்து நிமிடம் கேளுங்கள். கிட்டாரையும் ஆர்கனையும் மட்டும் சேர்த்து ரிஃபை வாசிக்கச் சொல்லி, மிக்சரில் இருப்பவர் இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ஆர்கன் ஒலி கூடுதல், அல்லது முறுக்கம் குறைவு. இரண்டும் ஒன்றாகக் குழைந்து ஒரே கருவியாகக் கேட்கும் இடத்தில் அளவை நிறுத்துங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால், ரிஃபின் இடைவெளிகளில் இரைச்சல் கேட்கும். அதை மறைக்க நாய்ஸ் கேட் போட்டால் நீளும் சி-யின் வாலை வெட்டிவிடும். கிட்டார்காரர் மேடை விளக்கின் டிம்மர் பெட்டியிலிருந்தும் மின்மாற்றிகளிலிருந்தும் தள்ளி நின்று, உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாலே பாதி இரைச்சல் குறைந்துவிடும்.

மேசைவிளக்கு:

ஆர்கனும் ஹைஹேட்டும் ஒரே நேரத்திலா, ஆர்கன் அடுத்த சுற்றிலா?

விசைக்காரர்:

ஸ்டுடியோ பதிவில் இரண்டும் கைகோத்தே வருகின்றன. முதல் பத்து வினாடியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், கிட்டார் திடீரென்று தடித்தது போலத் தோன்றும் இடம் எதுவோ அங்கேதான் ஆர்கன் நுழைகிறது.